புள்ளிக்கோடு

போன வருடத்துப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
புலாவ் உபின், ஒரு நாள் பயணம்.
தொப்பி, மழைச்சட்டை, தண்ணீர்ப் புட்டி.
கீழே ஒரு புள்ளிக்கோடு,
கோட்டுக்கடியில் பொடி எழுத்தில்
பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்.

நான் அந்த இரண்டுமில்லை.
ஈசூன் பணிமனையில் பேருந்து ஓட்டுகிறவன்.
நள்ளிரவில், ஒரு தோள்பையோடு,
காலணி இல்லாமல் வந்த பையனுக்கு
அறையை ஒழித்துக் கொடுத்தோம்
செண்பகவல்லியும் நானும்.
எங்களை எப்படிக் கூப்பிடுவது என்று
ஒரு வாரம் யோசித்து
அங்கிள், ஆன்ட்டி என்று அவனே முடித்தான்.

சோறு போடலாம்.
காய்ச்சலுக்குக் கண்விழிக்கலாம்.
வாய்ப்பாட்டில் ஏழில் தடுக்கும்போதெல்லாம்
எட்டுக்குத் தூக்கிவிடலாம்.
புள்ளிக்கோட்டில் மட்டும்
என் கையெழுத்து செல்லாக் காசு.

படிவம் என்னிடமிருந்து அதிகாரி ஹஃபீஸாவிடம் போனது.
ஹஃபீஸாவிடமிருந்து ரேகாவதியைத் தேடிப் போனது.
ரேகாவதி பெற்றவள்.
அந்த மாதம் அவள் தொலைபேசி எண்ணில்
வேறு யாரோ பேசினார்கள்.
கேலாங் வாடகை அறையில் வேறு யாரோ இருந்தார்கள்.
படிவம் காலியாகத் திரும்பி வந்தது வியாழன்.
படகு போனது செவ்வாய்.

அந்தச் செவ்வாய் என் வண்டி
அவன் பள்ளி வாசலைக் கடந்தபோது
முப்பத்தெட்டுத் தொப்பிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.
யாரும் மணி அடிக்கவில்லை.
நான் நிறுத்தவில்லை.
அவன் நூலகத்தில் இருந்தானாம்,
மழைச்சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்று.

பல் கதையைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.
பதினொரு நாள்.
மயக்க ஊசிக்கும் ஒரு புள்ளிக்கோடு.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்.
மன்றத்தில் யார் எழுந்து என்ன பேசினார்கள், தெரியாது.
எனக்கு அன்று மாலை வேலை.
வானொலியில் இருபது நொடி, அடுத்து வானிலை.
சில மாதம் கழித்து ஹஃபீஸா ஒரு கடிதத்தோடு வந்தார்.
சாப்பாட்டு மேசையில் வரிவரியாக விரல் வைத்தார்.
பயணத்துக்கு ஆம். பல்லுக்கு ஆம்.
பெயரை மாற்ற முடியாது, மதத்தை மாற்ற முடியாது.
அன்றாட முடிவுகளை நாங்கள் எடுக்கலாம்.
அன்றாடம் என்ற சொல்
இவ்வளவு பெரிய முத்திரையோடு
வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.
செண்பகவல்லி அழுதாள்.
நான் எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.
சீனி போட மறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை.

ரேகாவதியை ஒரே முறை பார்த்திருக்கிறேன்,
மூலையில் ஒருவர் குறிப்பெடுத்தபடி உட்கார்ந்திருக்கும் அறையில்.
மகனுக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருந்தாள்.
இரண்டு அளவு சிறியது,
கடைசியாக அவள் தூக்கியபோது
அவன் இருந்த அளவு.
வயிற்றை எக்கிக்கொண்டு
அதைப் போட்டுக் காட்டினான்.
பொத்தான்கள் தாங்கின.

இந்த வருடப் படிவம் நேற்று வந்தது.
அதே தீவு, அதே தொப்பி.
இருபத்திரண்டு வருடமாக வருகைப் பதிவில்
பார்க்காமலே கிறுக்குகிற கை
கோட்டுக்கு மேலே நின்றுவிட்டது.
வலது ஓரத்தில், சின்னதாகப் போட்டேன்.
இடப்பக்கம் ஒரு பெயர் நீளத்துக்குப்
புள்ளிகள் காலியாகக் கிடந்தன.

கவினேஷ் வாங்கி விளக்கடியில் பிடித்தான்.
“இது செல்லுமா, அங்கிள்?”
“செல்லும்.”
“அம்மாவுக்குத் தெரியுமா?”
“ஹஃபீஸா சொல்லுவாங்க.”
தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.
மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தான்.

காலையில் பார்த்தேன்.
என் பணி அட்டவணையின் பின்பக்கம்
பென்சிலால் என் கையெழுத்து, ஏழு முறை.
சுழியெல்லாம் சரியாகத்தான் இருந்தது.
ஒன்றுகூடச் செல்லாது.

பயணத்துக்கு இன்னும் ஐந்து நாள்.
வாசற்கதவில் இப்போதே தொங்குகிறது
மழைச்சட்டை.